வன்வட்டுப் பிரிவுகளும் லினக்ஸ் நிறுவலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்வட்டு ஒன்றே ஆயினும், அதை எல்லை வகுத்துப் பல வட்டுகள் போலப் பயன்படுத்தலாம். இவ்வாறு எல்லை வகுப்பது வட்டுப் பிரிவாக்கம் எனப்படும். பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் பார்ட்டிஷன், அதாவது பிரிவு, ஆகும். விண்டோஸ் உள்ள கணினியில் லினக்சையும் நிறுவ விரும்பும் மாணவர் முதலில் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். அவசரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி, சேர்த்துவைத்த கோப்புகளை இழப்பதும் இங்கேதான். பிரிவாக்கம் தோன்றிய வரலாற்றை அறிந்தால் இந்தத் தயக்கம் நீங்கும். எச்சரிக்கை எங்கே தேவை என்பதும் விளங்கும்.

எல்லை வேறு, நிலம் வேறு

வேலூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இதை விளக்க ஓர் எளிய எடுத்துக்காட்டு உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது. பின்னர் 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்களில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. மேல்விசாரம் இராணிப்பேட்டை மாவட்டத்துக்குச் சென்றது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆனால் எந்தத் தோல் பதனிடும் தொழிற்சாலையும் ஓர் அடிகூட நகரவில்லை. மாறியவை அரசு ஆவணங்களில் உள்ள எல்லைகளே.

வன்வட்டிலும் இதுவே நடக்கிறது. பிரிவுகளின் தொடக்கமும் அளவும் ஒரு சிறு அட்டவணையில் எழுதப்பட்டுள்ளன. ஒரு பிரிவை நீக்கினால் அந்த அட்டவணையிலிருந்து ஒரு வரி போகிறது. அங்கிருந்த கோப்புகள் உடனே அழிவதில்லை. ஆனால் வரி போனபின் அந்த இடம் காலி இடமாகக் கணக்கிடப்படும். அங்கே வேறு தரவு எழுதப்பட்டால் பழையது மீளாது.

64 பைட்டில் ஒரு வரைபடம்

ஐபிஎம் நிறுவனம் 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி என்னும் கணினியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் வன்வட்டு இருந்தது. உடன் வந்த டாஸ் 2.0 இயங்குதளமே பிரிவு அட்டவணையை அறிமுகப்படுத்தியது. ஒரே வட்டை வெவ்வேறு இயங்குதளங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டு இயங்குதளங்களை ஒன்றாக வைப்பது பிற்காலத்து லினக்ஸ் ஆர்வலரின் புதுமை அன்று. அட்டவணை பிறந்ததே அதற்காகத்தான்.

வட்டின் முதல் 512 பைட்டுகள் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமாக எம்பிஆர், எனப்பட்டன. அவற்றில் 446 பைட்டுகள் கணினியைத் தொடக்கும் சிறு நிரலுக்கு. 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கு. கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. ஒரு பிரிவின் விவரத்துக்கு 16 பைட் வேண்டும். எனவே நான்கு பிரிவுகளுக்கே இடம் இருந்தது. 10 மெகாபைட் காலத்தில் நான்கு போதுமானதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வட்டுகள் வளர்ந்தன. டாஸ் ஒரு பிரிவில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாள இயலாத நிலை வந்தது. 1987இல் வந்த டாஸ் 3.3, நான்கில் ஒன்றை நீட்டிப்புப் பிரிவாக்கி, அதற்குள் பல தருக்கப் பிரிவுகளை அமைக்க வழி செய்தது. சி, டி, இ என்று வட்டைப் பிரித்துத் தரும் பழக்கம் நம் ஊர்க் கணினிக் கடைகளில் நெடுங்காலம் நீடித்தது. அதன் வேர் இந்தப் பழைய வரம்பில் இருக்கிறது.

லினக்சின் வருகை

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்சை உருவாக்கத் தொடங்கியபோது, அவர் கணினியில் மினிக்ஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை அவர் தவறுதலாக வன்வட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பிரிவு சிதைந்தது. அதை மீண்டும் நிறுவாமல், லினக்சையே முழுமையாக்கிப் பயன்படுத்துவது என்று அவர் முடிவு செய்தார். பிரிவைக் குலைக்கும் தவறு லினக்சைப் படைத்தவருக்கே நேர்ந்திருக்கிறது. புதியவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடக்க கால லினக்ஸ், மினிக்சின் கோப்பு முறைமையையே பயன்படுத்தியது. அதில் ஒரு பிரிவு 64 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. 1993இல் எக்ஸ்ட்2, 2001இல் எக்ஸ்ட்3, 2008இல் எக்ஸ்ட்4 என அடுத்தடுத்து வந்த கோப்பு முறைமைகள் இந்த வரம்பை உடைத்தன. லினக்சுக்கு மூன்று பிரிவுகள் வைப்பது வழக்கமாயிற்று: இயங்குதளத்துக்கு ரூட், பயனரின் கோப்புகளுக்கு ஹோம், நினைவகம் போதாதபோது கைகொடுக்க ஸ்வாப்.

விலையில்லா மடிக்கணினியில் இரு இயங்குதளங்கள்

தமிழ்நாட்டில் இச்செய்தி வீட்டுக்குள் வந்தது 2011இல். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்குக் கிடைத்த அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம், 2007இல் வெளிவந்தது. தோல் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. கோப்பு தொலைந்தால் எடுத்து வைக்க இரண்டாவது கணினி கிடையாது.

இத்தகைய இரட்டை நிறுவலில் இரு சிக்கல்கள் பொதுவாக எழும். விண்டோசால் எக்ஸ்ட்4 பிரிவைப் படிக்க இயலாது. அதன் வட்டு மேலாண்மைத் திரையில் அப்பிரிவு பெயரின்றித் தெரியும். வீணாகக் கிடக்கும் இடம் என்று எண்ணி மாணவர் அதை நீக்கிவிட்டால், அடுத்த முறை விண்டோசும் தொடங்காது. இயங்குதளத்தைத் தேர்வு செய்யும் கிரப் நிரலின் முதல் துண்டு எம்பிஆரில் இருக்க, மீதி லினக்ஸ் பிரிவில் இருந்ததே காரணம். கருந்திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொல் மட்டும் நிற்கும்.

மற்றது இதன் மறுபக்கம். விண்டோசை மீண்டும் நிறுவினால் அது எம்பிஆரில் தன் நிரலை எழுதிவிடும். தேர்வுப் பட்டியல் மறையும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அதன் பிரிவு அப்படியே இருக்கும். இரண்டு நிலையிலும் மாணவரின் பாடக் குறிப்புகள் வட்டில் உள்ளன. தொடக்க நிரலைச் சரிசெய்தால் போதும். அது தெரியாமல் முழு வட்டையும் ஃபார்மட் செய்வதே உண்மையான இழப்பு.

ஜிபிடி

எம்பிஆர் அட்டவணையால் பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை முழுமையாகக் குறிக்க இயலாது. இன்றைய கணினிகளில் அதன் இடத்தை ஜிபிடி அட்டவணை பிடித்துள்ளது. இதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. அட்டவணையின் இன்னொரு படி வட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கலாம். தொடக்க நிரல்களும் தமக்கென ஒரு தனிப் பிரிவில் இருப்பதால், ஒன்றை ஒன்று அழிக்கும் வாய்ப்பு குறைந்துள்ளது.

நிறுவுவோர் கவனத்துக்கு

இந்த வரலாறு சில எளிய விதிகளைத் தருகிறது.

முதலாவது, தேவையான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படியெடுங்கள். அதே வட்டின் இன்னொரு பிரிவில் வைப்பது காப்பு ஆகாது. வட்டு பழுதானால் இரண்டும் போகும்.

இரண்டாவது, இப்போதுள்ள பிரிவுகளின் வரிசையையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோசில் டி என்பது லினக்சில் வேறு பெயரில் தெரியும். அளவைக் கொண்டே அடையாளம் காண முடியும்.

மூன்றாவது, விண்டோஸ் பிரிவைச் சுருக்க விண்டோசின் கருவியையே பயன்படுத்துங்கள். லினக்ஸ் பிரிவுகளுக்கு ஜிபார்ட்டட் ஏற்றது. ஒரு பிரிவின் தொடக்க எல்லையை நகர்த்தும்போது உள்ளிருக்கும் தரவு முழுவதும் இடம்பெயரும். மணிக்கணக்கில் நடக்கும் அவ்வேலை பாதியில் நின்றால் ஆபத்து. மின்வெட்டைக் கண்டு பழகிய நாம் மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தே தொடங்க வேண்டும்.

நான்காவது, புதியவருக்கு ரூட், ஹோம் இரண்டும் போதும். உபுண்டு 2017 முதல் புதிய நிறுவல்களில் பொதுவாக ஸ்வாப்புக்குத் தனிப் பிரிவு கேட்பதில்லை; ஒரு கோப்பையே பயன்படுத்துகிறது. ஹோம் தனியாக இருந்தால் இயங்குதளத்தை மாற்றும்போது சொந்தக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை.

தவறு நேர்ந்துவிட்டால் கணினியை உடனே நிறுத்துங்கள். வட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள் வட்டை ஆராய்ந்து, தொலைந்த பிரிவுகளின் பழைய எல்லைகளைக் கண்டறிய வல்லது. ஆனால் எஸ்எஸ்டி வகை வட்டுகளில், ஃபார்மட் செய்த இடத்தைக் கணினி விரைவாகத் துடைத்துவிடக்கூடும். அங்கே மீட்பை நம்பியிருக்க முடியாது. முன்பே எடுத்த படியே துணை.