பஞ்சுயிரிப் பூச்சியின் அடையாளம்: இனமும் வாழிடமும் கண்டறியப்பட்ட வரலாறு

நன்னீர்ப் பஞ்சுயிரிகளைத் தின்று வளரும் சிறு பூச்சிக் குடும்பம் ஒன்று உண்டு. சிசைரிடே என்பது அதன் அறிவியல் பெயர். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் குழிநரியும் அடங்கிய நரம்பிறகிகள் வரிசையில் இது சேரும். உலகெங்கும் ஏறத்தாழ 70 இனங்களே இதில் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிசைரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் கிளைமாசியாவும், சிசைரினா, சிசைபோரினா என்ற இரு சிறு பேரினங்களும் மற்றவை. வளர்ந்த பூச்சி கரையோரச் செடிகளில் வாழ்கிறது. லார்வா நீருக்குள் வாழ்கிறது. இந்த இரட்டை வாழ்க்கையால் ஒரே இனத்தின் இரு பருவங்களும் நெடுங்காலம் தனித்தனி உயிர்களாகவே அறியப்பட்டிருந்தன. இவற்றை இனங்காண்பதில் ஏற்பட்ட குழப்பங்களில் பலவும், பூச்சியை அதன் நீர்நிலையிலிருந்து பிரித்துப் பார்த்ததால் விளைந்தவை என்பது என் கருத்து.

முதலில் கிடைத்தது இறக்கையுள்ள பூச்சி. ஸ்வீடனின் சார்லஸ் டி கீர் பூச்சிகளைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய பெருந்தொகுதிகளிலிருந்து இனங்களைத் தொகுத்து, அவற்றுக்கு முறையான இலத்தீன் பெயர் சூட்டியவர் ரெட்சியஸ். 1783-இல் வெளிவந்த அந்நூலில் கரும்பழுப்பு நிறப் பூச்சி ஒன்று ஹெமரோபியஸ் நைஜர் என இடம்பெற்றது. பத்தாண்டுக்குப் பின், 1793-இல், ஃபாப்ரீசியஸ் அதே பூச்சிக்கு ஹெமரோபியஸ் ஃபஸ்கேட்டஸ் என்று வேறொரு பெயர் வைத்தார். இருவருக்கும் இது பழுப்புநிற நரம்பிறகிகளில் ஒன்று, அவ்வளவே. 1839-இல் பர்மைஸ்டர் சிசைரா என்ற பேரினத்தை நிறுவிய பிறகே இக்கூட்டத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அப்போதும் குழப்பம் தீரவில்லை. 1853-இல் வாக்கர் வட அமெரிக்க இனம் ஒன்றை மறுபடியும் ஹெமரோபியஸ் என்ற பழைய பேரினத்திலேயே வைத்தார். இன்று அது சிசைரா விகேரியா. ஐரோப்பிய இனத்தின் பெயரும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஃபஸ்கேட்டா என்றே நூல்களில் வழங்கியது. முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி இப்போது சிசைரா நைக்ரா என்கிறோம். பழைய பதிவுகளைப் படிப்பவர் இவ்விரு பெயர்களையும் ஒன்றாகக் கொள்ளாவிட்டால், ஓர் இனம் மறைந்து இன்னோர் இனம் வந்துவிட்டது போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும்.

லார்வாவின் கதை வேறு வழியில் தொடங்கியது. பஞ்சுயிரி தாவரமா விலங்கா என்ற விவாதம் முற்றாக ஓயாத காலம் அது. இங்கிலாந்தில் ஜான் ஹாக் நன்னீர்ப் பஞ்சுயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் அவர் கண்ட சிற்றுயிரை வெஸ்ட்வுட் 1842-இல் விவரித்து, பிராங்கியோட்டோமா ஸ்பாஞ்சில்லே என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியில் குரூபே இத்தகைய லார்வாவை விவரித்தார். அந்தப் புதுப்பெயர் தேவையற்றது என்பதும், சிசைராவின் நீர்ப்பருவமே அந்த உயிர் என்பதும் பின்னர் தெளிந்தன. பூச்சியியலார் வலைவீசிப் பிடித்ததும் பஞ்சுயிரி ஆய்வாளர் கத்தியால் அறுத்து எடுத்ததும் ஒன்றுதான் என்று தெரிந்த அந்தக் கட்டத்தையே இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதுகிறேன்.

அந்த லார்வாவை நுண்ணோக்கியில் பார்த்தால் வெஸ்ட்வுட் ஏன் புதுப்பெயர் தேடினார் என்பது புரியும். முழு வளர்ச்சியிலும் அதன் நீளம் 5 மி.மீ. அளவே. தலையிலிருந்து ஊசிபோன்ற இரு நீண்ட குழல்கள் முன்னோக்கி நீள்கின்றன. ஒவ்வொன்றும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் இணைந்து உருவான உறிஞ்சுகுழல். பஞ்சுயிரியின் உடலில் சிலிக்கா முட்கள் நிறைந்திருப்பதால் அதைக் கடித்துத் தின்பது கடினம். இந்த லார்வா முட்களைத் தொடாமல் உயிரணுக்களுக்குள் குழலைச் செலுத்திச் சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. மூன்று வளர்நிலைகளில் முதலாவதில் செவுள்கள் இல்லை. இரண்டாவதிலிருந்து வயிற்றின் அடிப்புறத்தில் ஏழு இணைக் கணுச்செவுள்கள் மடிந்து கிடக்கும். நடுக்குடல் பின்புறம் மூடியிருப்பதால் லார்வாப் பருவம் முழுவதும் கழிவு வெளியேறுவதில்லை. பட்டு உண்டாவதும் வாயில் அல்ல. மால்பீஜியன் நுண்குழல்களில் சுரந்து ஆசனவாய் வழியே வருகிறது. முட்டையும் கூட்டுப்புழுவும் தண்ணீருக்கு வெளியேதான். தாய்ப்பூச்சி நீர்மேல் சாய்ந்த இலைகளிலும் கிளைகளிலும் சிறுசிறு தொகுதிகளாக முட்டையிட்டு வெண்பட்டால் மூடுகிறது. பொரித்த லார்வா கீழே விழுந்து, நீரின் மேற்படலத்தை ஊடுருவி, தனக்கான பஞ்சுயிரியைத் தேடி அலைகிறது. வளர்ச்சி முடிந்ததும் கரையேறி, மரப்பட்டை இடுக்குகளில் கூடு பின்னுகிறது.

அமெரிக்காவில் இந்த வாழ்க்கைச் சுற்றைக் களத்திலேயே பின்தொடர்ந்தவர் ஜேம்ஸ் நீடாம். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் பகுதியில் செய்த ஆய்வை அவர் 1901-இல் வெளியிட்டார். வலைப்பின்னல் போன்ற புறக்கூட்டுக்குள் இன்னொரு கூடு பின்னும் பூச்சியை அதில் கிளைமாசியா டிக்டியோனா என்று புது இனமாக அறிவித்தார். அது 1861-இல் ஹாகன் விவரித்த இனமே என்று பின்னர் தெரிந்து, இன்று கிளைமாசியா ஏரியோலாரிஸ் என்ற பெயரே நிற்கிறது. 1902-இல் மாட் ஆந்தனி சிசைராவின் உருமாற்றத்தையும், 1952-இல் ஹார்லி பிரவுன் கிளைமாசியாவின் வாழ்க்கை வரலாற்றையும் விரிவாக எழுதினர். 1956-இல் பார்ஃபினும் கர்னியும் மேற்கு அரைக்கோள இனங்களைத் தொகுத்தனர்.

பேரினத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இறக்கையின் முன்விளிம்பை அடுத்த குறுக்கு நரம்புகள் பெரும்பாலும் கிளைக்காமல் இருந்தால் ஹெமரோபிய வகைகளை ஒதுக்கிவிடலாம். வாய் உணர்நீட்சியின் கடைசிக் கணு முக்கோணமாக அகன்றிருந்தால் சிசைரா, மெலிந்திருந்தால் கிளைமாசியா. இனத்தை முடிவுசெய்வதில்தான் கவனம் தேவை. பிரிட்டனில் வாழும் மூன்று இனங்களையே எடுத்துக்கொள்வோம். சிசைரா டெர்மினாலிஸின் உணர்கொம்பு நுனி வெளிறியிருக்கும். நைக்ராவிலும் டாலியையிலும் அந்த வெளிறல் இல்லை. இவற்றைப் பிரிக்க இறக்கையின் நிறச்சாயலையும், ஐயமறத் தெளிய ஆணின் இனப்பெருக்க உறுப்பு அமைப்பையும் பார்க்க வேண்டும். ஊசியில் குத்திப் பல ஆண்டு காய்ந்த மாதிரிகளில் நிறம் நம்பத்தக்கதல்ல. வாழிடத்தில் இவை தெளிவாகவே வேறுபடுகின்றன. நைக்ரா குளம், ஏரி, கால்வாய், மெல்லோட்ட ஆறு எனப் பலவகை நீரிலும் வாழ்கிறது. டாலியை பாறை நிறைந்த விரைவோடைகளுக்கு உரியது. ஆனால் வளர்ந்த பூச்சி விளக்கொளிக்கு வரும் இயல்புடையது என்பதால், பிடித்த இடமே வாழிடம் என்று எழுதிவிடக் கூடாது. லார்வாவைப் பஞ்சுயிரியோடு எடுத்து, வளர்த்து, இறக்கை முளைக்கும்வரை காத்திருந்து செய்த பதிவையே நான் முழுச் சான்றாகக் கொள்வேன்.

வாழிடம் நிலையானதும் அல்ல. டாஸ்மேனியாவின் பெட்டர் ஏரி 1972-இல் நீர்மின் திட்டத்துக்காகப் பெருநீர்த்தேக்கமானது. அங்கிருந்து 2008-இல் சிசைரா பெட்டெரென்சிஸ் என்ற புது இனத்தை ஸ்மிதர்ஸ் விவரித்தார்.

இந்தியாவின் பங்கு கல்கத்தாவில் தொடங்குகிறது. இந்திய அருங்காட்சியகத்தின் நரம்பிறகிகளை ஆராய்ந்த அதே நீடாம் 1909-இல் சிசைரா இண்டிகாவை விவரித்தார். அந்த அருங்காட்சியகத்தை நடத்திய நெல்சன் அனந்தேல் பஞ்சுயிரிகளில் தேர்ந்தவர். 1911-இல் அவர் வெளியிட்ட நன்னீர்ப் பஞ்சுயிரி நூலில் இந்த லார்வாவுக்கும் இடம் தந்தார். பூச்சியும் அதன் உணவும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்து ஆராயப்பட்ட அபூர்வமான காலம் அது. 1939-இல் பேங்க்ஸ் இந்தியாவிலிருந்து சிசைரினா நிர்வாணாவை விவரித்தார். பஞ்சுயிரி ஆய்வாளர் கார்ட்டரின் பெயர் தாங்கிய இனம் தமிழகம் உள்ளிட்ட இந்தியக் குளங்களில் பரவலாகக் காணப்படுவது. நீர் வற்றும்போது உயிர்த்திசு அழிந்து, கடின உறையிட்ட ஜெம்மியூல்களாக எஞ்சி, அடுத்த நீர்வரத்துக்கு அது காத்திருக்கும். ஆகவே நம் ஊரில் லார்வாவைத் தேட ஏற்ற காலம், குளம் நிறைந்து பஞ்சுயிரி செழித்திருக்கும் மாதங்களே.

படித்துறைக் கல்லிலும், மதகுச் சுவரிலும், மூழ்கிய வேரிலும் சொரசொரப்பாகப் படிந்த பஞ்சுயிரியைக் காணும் விலங்கியல் மாணவர்கள் அதைப் பாசி என்று கடந்துவிட வேண்டாம். ஒரு துண்டை வெள்ளைத் தட்டில் அதே குளத்து நீரில் வைத்து, ஊசிக்குழல் நீட்டிய லார்வா வெளிவருகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் சிலவற்றை வளர்த்துப் பூச்சியாக்குங்கள். பஞ்சுயிரியிலும் ஒரு பகுதியை ஆல்கஹாலில் இட்டு, குளத்தின் பெயரையும் தேதியையும் எழுதி இரண்டையும் ஒரே எண்ணில் சேமித்து வையுங்கள்.