சொட்டுக்கு ஏது நிறம்?

திசையன்விளையில் ஒரு சோடாக் கடை போர்டில்தான் நான் முதல் தண்ணீர்ச் சொட்டு வைத்தேன். அப்போது எனக்கு 17 வயது. கலர் பாட்டில் வரைந்தாயிற்று. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வேர்த்திருக்க வேண்டும். வெள்ளை எனாமலைத் தொட்டு முப்பது புள்ளி வைத்தேன். எனக்குத் தொழில் பழக்கிய வாத்தியார் ஏணிக்குக் கீழே நின்று பார்த்தார். "ஏலே, பாட்டிலுக்கு அம்மை போட்டிருக்கா?"

பக்கத்தில் பதனி விற்றவரிடம் ஓர் ஓலைப்பட்டையை வாங்கி, விரலை நனைத்து அதில் ஒரு சொட்டு விட்டார். "வெயிலு எங்க இருந்துல அடிக்கு?" இடப்பக்கம் மேலிருந்து. ஆனால் சொட்டுக்குள் இடப்பக்கம்தான் இருட்டாக இருந்தது. வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய் விளிம்போரம் குவிந்து கிடந்தது. ஓலையின் வரிகள் சொட்டுக்குள் மட்டும் தடித்துத் தெரிந்தன. சொட்டு ஒரு குட்டி லென்ஸ் என்று அன்றைக்குப் புரிந்தது. "சொட்டுக்கு ஏதுல நிறம்? பின்னால இருக்கதுதான் அதோட நிறம்" என்றார். வெள்ளை ஒரே ஒரு பொட்டுதான். அதுவும் இருட்டுப் பக்கத்தில், கடைசியாக.

இந்தப் பாடம் அவருக்குக் காலண்டரிலிருந்து வந்தது. நாடகங்களுக்கு சீன் திரை வரைந்துகொண்டிருந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் தொங்கின. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று அவருடைய சீடர்களும் அதே வழியில் வந்தவர்கள். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டியும் எங்கள் திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தக் காலண்டர்களில் வாத்தியார் எனக்குக் காட்டியது சாமியின் முகத்தையல்ல, கிரீடத்தில் பதித்த சிவப்புக் கல்லை. ஒளி படும் பக்கம் கருஞ்சிவப்பு, எதிர்ப்பக்கம் இளஞ்சிவப்பு, இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு. "இதுல இருந்து சிவப்பை எடுத்துட்டா தண்ணிதான்."

அந்தப் பொட்டை வைக்க ஆயுள் முழுக்கப் பழகலாம் என்று அவர் சொன்னபோது சிரித்தேன். கொரிய ஓவியர் கிம் சாங் யோல் (1929–2021) 1970-களில் பாரிசில் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு சொட்டுகளையே வரைந்தார் என்று பின்னால்தான் படித்தேன்.

2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. தூரிகைப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு போட்டோஷாப் பழகினேன். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கி, 1990-இல் விற்பனைக்கு வந்த மென்பொருள் அது. 1994-இல் வந்த 3.0 பதிப்பில் லேயர் சேர்ந்தது. 2000-இல் வந்த 6.0-இல் லேயர் ஸ்டைல். சொட்டு வடிவத்தில் ஒரு லேயர் வரைந்து, 'ஃபில்' அளவைச் சுழியத்துக்குப் பக்கத்தில் இறக்கினால் அது கண்ணாடியாகிவிடும். வெளியே ஒரு நிழல், உள்ளே ஒரு நிழல், ஒரு வெள்ளைப் பொட்டு. வாத்தியார் ஏணியில் நின்று செய்த அதே நான்கு காரியம், அதே வரிசை.

வித்தியாசம் ஒன்றுதான். பழைய போட்டோஷாப்பில் வெயிலின் கோணம் 120 டிகிரி என்று முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதாவது எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து. அதை மாற்றலாம் என்பதே பலருக்குத் தோன்றவில்லை. படத்தில் வெயில் வலப்பக்கம் அடிக்கும், மேலே ஒட்டிய சொட்டில் இடப்பக்கம் அடிக்கும். கல்யாண பிளக்ஸில் மாலைப் பூவின் மேல் இப்படி எத்தனையோ சொட்டுகளைப் பார்த்துவிட்டேன். என்ன தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பூ நனையவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாள் மவுஸ் கிடையாது. ஒரு துண்டு ஓலையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து வெயிலுக்கு அனுப்புகிறேன்.