சுவரைத் தாண்டிப் போன கோடு: தினமும் ஓட்டக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். கையில தாராளமா காசு இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் உறையை எடுத்து, துடைச்சு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நிறுத்துற கார் வேண்டாம். திங்கட்கிழமை அதுல ஆபீஸுக்குப் போகணும். மழையில போகணும். பிள்ளையை ஸ்கூல்ல விடணும். வர்ற வழியில காய்கறியும் வாங்கணும். அப்படி ஒரு கார் எது?

நம்மில் பெரும்பாலானவங்க இந்தக் காரை வாங்கப்போறதில்லை. நானும்தான். ஆனா கார் பைத்தியங்கள்கிட்ட இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க, அடிக்கடி வர்ற பதில் ஒண்ணுதான்: போர்ஷே 911. 1964-ல் உற்பத்திக்கு வந்த கார், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் 1981-ல் இந்தக் காருக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதைக் காப்பாற்றியது ஒரு மனிதர், ஒரு மார்க்கர் பேனா. அவரிடம் போவதற்கு முன்னால், எதைக் காப்பாற்றினார் என்று பார்த்துவிடுவோம்.

வண்டின் வாரிசு

1930-கள். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர், ஹிட்லர் அரசின் திட்டத்துக்காக ஒரு மலிவு விலைக் காரை வடிவமைக்கிறார். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கார். பின்னாளில் உலகம் முழுக்க 'பீட்டில்', அதாவது வண்டு என்று பெயர் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் அதுதான். அதில் என்ஜின் பின்னால் இருந்தது. என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். ரேடியேட்டரே இல்லை. அதனால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்துபோகும் என்ற கவலையும் இல்லை, மலையேற்றத்தில் கொதித்துவிடும் என்ற கவலையும் இல்லை.

போர் முடிந்தபின், அவருடைய மகன் ஃபெர்ரி போர்ஷே 1948-ல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சின்ன ஊரில் 356 என்ற காரைத் தொடங்கினார். பாகங்கள் பலவும் பீட்டிலிலிருந்து எடுத்தவை. விற்பனைக்கு வந்த 356-லும் என்ஜின் பின்னால்தான், காற்றால்தான் குளிர்விப்பு.

அந்த 356-க்கு வாரிசாக 1963 செப்டம்பரில், ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்தது 901. வடிவமைத்தவர் ஃபெர்ரியின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. 'நடுவில் பூஜ்ஜியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுடையவை' என்று பிரான்ஸின் பெஷோ நிறுவனம் உரிமை கோரியது. போர்ஷே பூஜ்ஜியத்தை ஒன்றாக மாற்றியது. 911 என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

2 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். 130 குதிரைத்திறன். மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனா நம்ம கேள்விக்கு முக்கியமானது வேற. என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால் பெட்டி வைக்க இடம் இருந்தது. முன் சீட்டுகளுக்குப் பின்னால் குழந்தைகள் உட்கார இரண்டு சின்ன சீட்டுகள். பிள்ளைகள் இல்லாதபோது அதன் சாய்மானத்தை மடக்கிச் சாமான் வைக்கலாம். உயரமான கண்ணாடிகள், நாலு பக்கமும் பார்வை. முன்பக்க மட்கார்டு இரண்டும் ஓட்டுகிறவர் கண்ணுக்கே தெரியும். கார் எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அகலம் வெறும் 1.61 மீட்டர். இன்று நம்ம தெருவில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டைவிடக் குறுகல்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சொல்வோம் இல்லையா? 911-ஐ தினமும் ஓட்ட முடிந்ததற்கான காரணங்களில் பல, பணக்காரர்களுக்காக யோசித்து வைத்தவை இல்லை. ஒரு மக்கள் காரின் அமைப்பிலிருந்து வந்தவை.

பின்பாரம்

ஆனா பரம்பரைச் சொத்தோட கடனும் சேர்ந்துதான் வரும். சைக்கிள் கேரியர்ல அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டு வேகமா வளைவுல திரும்பினவங்களுக்கு இது உடனே புரியும். பின்னால இருக்கிற பாரம் நேரா போகணும்னு இழுக்கும்.

911-ல் என்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வேகமாக ஒரு வளைவுக்குள் நுழைகிறீர்கள். நடுவில் பயம் வருகிறது. பயம் வந்தால் மனிதர் என்ன செய்வார்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். அப்போது எடை முன்பக்கம் சாயும். பின் டயர்களின் பிடிமானம் குறையும். அந்த நொடியில் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போகும். அதாவது, இயல்பாக நாம் செய்யும் ஒரு காரியத்துக்கே தண்டனை தரும் கார்.

அதே பாரம் பனியில் வரமாகவும் இருந்தது. ஓடும் சக்கரங்கள் மேலேயே எடை இருப்பதால் வழுக்கும் சாலையிலும் பிடிமானம் கிடைத்தது. 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ந்து மாண்டே கார்லோ ராலியில் வென்றது 911-தான்.

குறையைச் சரிசெய்யப் போர்ஷே பொறியாளர்கள் என்னென்னவோ செய்தார்கள். தொடக்கத்தில் முன்பக்க பம்பருக்குள் இரும்பு எடைகளை ஒளித்துவைத்தார்கள். நிஜமாகவே! 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். ஒரு பேட்டரியை எடுத்துவிட்டு, முன்பக்க மூலைக்கு ஒன்றாக இரண்டு பேட்டரிகள் வைத்தார்கள். ஆனால் 1975-ல் 260 குதிரைத்திறனோடு 911 டர்போ விற்பனைக்கு வந்தபோது பழைய பயம் திரும்ப வந்தது. டர்போவின் சக்தி மெதுவாக ஏறாமல் திடீரென வந்து விழும், அதுவும் சில நேரம் வளைவின் நடுவிலேயே. 'மனைவியை விதவையாக்கும் கார்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இதற்குள் அமெரிக்காவில் காற்று திசை மாறியிருந்தது. 1965-ல் ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் கார் நிறுவனங்களின் பாதுகாப்பு அலட்சியம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயத்தில் அவர் கிழித்துத் தொங்கவிட்டது ஷெவர்லே கோர்வேர் என்ற காரை. அதன் அமைப்பு என்ன தெரியுமா? பின்னால் என்ஜின், ஆறு சிலிண்டர், காற்றுக் குளிர்விப்பு! கோர்வேர் 1969-ல் நின்றுபோனது. பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் கடுமையாகிக்கொண்டே போயின. போர்ஷேயின் மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. 'பின்-என்ஜின் காலம் முடிந்தது' என்று நிர்வாகம் முடிவு கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாம் இருந்த 928

1972-ல் போர்ஷே குடும்பத்தினர் நேரடி நிர்வாகத்திலிருந்து விலகினார்கள். எர்ன்ஸ்ட் ஃபூர்மான் தலைமைக்கு வந்தார். அவர் வெளியாள் இல்லை. போர்ஷேயின் பழைய பந்தய என்ஜின்களை வடிவமைத்தவர். 911-க்கு மாற்றாக அவர் காலத்தில் வளர்ந்த கார், 1977-ல் ஜெனீவாவில் அறிமுகமான 928.

காகிதத்தில் பார்த்தால் 928-க்குத்தான் உங்க ஓட்டு விழும். முன்னால் 4.5 லிட்டர் வி8 என்ஜின், தண்ணீர்க் குளிர்விப்பு. கியர்பாக்ஸைப் பின்னால் வைத்ததால் முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்ட சமம். வளைவில் காலை எடுத்தாலும் நிதானம் தவறாத பின் அச்சு. ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கினால் மீட்டர் பலகையும் கூடவே ஏறி இறங்கும். பின் சீட்டில் இருப்பவர்களுக்குக்கூட வெயில் மறைப்பு உண்டு. 1978-ன் ஐரோப்பிய கார் விருது அதற்குக் கிடைத்தது. அந்த விருதை வென்ற ஸ்போர்ட்ஸ் கார் இன்றுவரை அது ஒன்றுதான்.

ஆனாலும் 911 கேட்டு வந்தவர்கள் 911-தான் கேட்டார்கள். ஏன்? ஏக்கம், அடம் எல்லாம் இருந்திருக்கும். ஆனா என் பார்வையில முக்கியமான காரணம் ஒண்ணு உண்டு. 928 கிட்டத்தட்ட 1.84 மீட்டர் அகலம். 911-ஐவிடச் சுமார் 300 கிலோ கூடுதல் எடை. நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டர் போக அருமையான கார். ஆனால் நகரத்துச் சந்தில், பார்க்கிங்கில், தினப்படி ஓட்டத்தில் சின்ன உடம்பும் தெளிவான பார்வையும் கொண்ட அந்தப் பழைய கார்தான் கைக்கு அடக்கமாக இருந்தது. வசதியான கார் என்பதும் தினமும் ஓட்டக்கூடிய கார் என்பதும் ஒன்றல்ல. 18 வருடங்களில் சுமார் 61,000 கார்கள் விற்று, 1995-ல் 928 விடைபெற்றது.

ஒரு மார்க்கர் பேனா

இப்போ அந்த மனிதருக்கு வருவோம். பீட்டர் ஷூட்ஸ். 1930-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, அந்தக் குடும்பம் முதலில் கியூபாவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனது. சிகாகோவில் வளர்ந்து, பொறியியல் படித்து, டீசல் என்ஜின் நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1981-ல் போர்ஷேயின் தலைமை அவரைத் தேடி வந்தது. கம்பெனி அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், உள்ளே இருந்தவர்கள் மனசு விட்டுப்போயிருந்தார்கள். எல்லோருக்கும் பிடித்த கார் சாகப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததை ஷூட்ஸே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஹெல்முத் போட்டின் அறை. சுவரில் ஒரு வரைபடம். எந்தக் கார் எந்த வருடம் வரை என்று கோடுகள். 928, 944 கோடுகள் நீண்டு போகின்றன. 911-ன் கோடு மட்டும் 1981-ல் நின்றுவிடுகிறது. ஷூட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்தார். அந்தக் கோட்டை நீட்டினார். காகிதம் முடிந்தது. சுவரில் தொடர்ந்தார். சுவரும் முடிந்து, அறைக்கு வெளியே போய் நின்றார்.

ஹிட்லருக்காக வடிவமைத்த காரின் வழிவந்த ஒரு கார். ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடிய ஒரு பையன். அந்தப் பையன் அரை நூற்றாண்டுக்குள் திரும்பி வந்து அந்தக் காருக்கு உயிர் கொடுக்கிறார். வரலாறு சில சமயம் இப்படித்தான் வட்டம் அடிக்குது.

கொடுத்த விலை

கோட்டை நீட்டியது ஒரு நிமிட வேலை. காரைச் சரிசெய்தது அடுத்த பத்து இருபது வருட வேலை. 1989-ல் நான்கு சக்கர இயக்கம், ஏபிஎஸ் பிரேக், பவர் ஸ்டியரிங் வந்தன. 1993-ல் பின் அச்சையே முழுதாக மாற்றினார்கள். வளைவில் காலை எடுத்தால் தண்டிக்கும் அந்தக் குணம் அப்போதுதான் பெருமளவு அடங்கியது. யோசிச்சுப் பாருங்க, முதல் காரிலிருந்து முப்பது வருஷம்!

1997-ல் காற்றுக் குளிர்விப்பையே கைவிட்டு, தண்ணீருக்கு மாறினார்கள். செலவைக் குறைக்க, மலிவான பாக்ஸ்டருக்கும் புது 911-க்கும் முன்பகுதியைப் பொதுவாக்கினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். முன் விளக்குகளைப் பார்த்து 'ஆம்லேட் போட்ட மாதிரி இருக்கு'ங்கிற ரேஞ்சுக்குக் கிண்டல். ஆனால் அந்த மாற்றம் இல்லாமல் கம்பெனி நிமிர்ந்திருக்காது.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். குடும்பத்தோட, சாமானோட தினமும் போற போர்ஷே வேணும்னு கேட்டவங்களுக்கு 2002-ல் வேற பதில் வந்துடுச்சு: கயென் எஸ்யூவி. இன்று 911-ஐவிட எஸ்யூவிகளைத்தான் போர்ஷே அதிகம் விற்கிறது. 911-ம் ஒல்லியாக இல்லை. முதல் கார் சுமார் 1,080 கிலோ. இப்போதையது 1,500-ஐத் தாண்டிவிட்டது. அகலம் 1.85 மீட்டர், அதாவது அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்த 928-ஐவிட அதிகம்!

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

911 வாங்குங்கன்னு சொல்றதுக்காக இந்தக் கதையைச் சொல்லலை. எந்த ஸ்போர்ட்ஸ் காரா இருந்தாலும் இந்த வரலாறு மூணு கேள்விகளைக் கொடுக்குது.

ஒண்ணு, நான் தப்பு செஞ்சா இது என்ன செய்யும்? ஷோரூம் பளபளப்பு இதைச் சொல்லாது. மழையில், களைப்பில், ஒரு வளைவில் தடுமாறும்போதுதான் தெரியும். அந்தக் காரை ஆழமாகச் சோதித்தவர்கள் சொல்வதை இதற்காகவே படியுங்கள்.

ரெண்டு, இதோட ஓரம் எனக்குத் தெரியுதா? டெஸ்ட் டிரைவை அகலமான சாலையில் முடித்துவிடாதீர்கள். உங்க தெருவுக்கு ஓட்டிப் போங்க. வீட்டு வாசல் வேகத்தடையில், பேஸ்மென்ட் சரிவில் ஏற்றி இறக்கிப் பாருங்க. பின் சீட்டில் உட்காரப்போகிறவரை உட்கார வைத்துப் பாருங்க.

மூணு, இதை எத்தனை காலமாகத் திருத்திக்கொண்டு வருகிறார்கள்? புதுசு என்பது எப்போதும் பெருமை இல்லை. பல தலைமுறையாகத் திட்டு வாங்கித் திருந்திய காரில், அடுத்தவர் பட்ட அடியின் பாடம் உள்ளே இருக்கும்.

2017 மே மாதம் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையிலிருந்து பத்து லட்சமாவது 911 வெளியே வந்தது. பச்சை நிறக் கார். அதே வருடம் அக்டோபரில் பீட்டர் ஷூட்ஸ் காலமானார். அவர் சுவரில் இழுத்த கோடு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரை பார்த்து ஓட்டுங்க. வளைவுல மட்டும் திடீர்னு காலை எடுத்துடாதீங்க!