போர் விளைவு

குருதியில் அமிலத்தன்மையோ கார்பன் டை ஆக்சைடோ கூடும்போது, ஆக்சிஜன் மீது ஹீமோகுளோபினுக்கு உள்ள பற்று குறைவது போர் விளைவு எனப்படும். டென்மார்க் உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போரின் (1855–1911) பெயரால் இது வழங்குகிறது. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை இவர். உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடையும் லாக்டிக் அமிலத்தையும் வெளிவிடுவதால், அங்கு வந்து சேரும் குருதி ஆக்சிஜனைத் தாராளமாக இறக்குகிறது. நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு நீங்கியதும் பற்று மீள்கிறது.

முன்வரலாறு

ஹீமோகுளோபினுக்கு 1864இல் அப்பெயரை இட்டவர் ஜெர்மானியரான ஹோப்பே-சைலர். ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீமோகுளோபின் நிறையும் அளவைக் காட்டும் வளைகோட்டை ஹூஃப்னர் அதிபரவளையமாகக் கருதினார்.

கோபன்ஹேகன் ஆய்வு (1904)

கிறிஸ்டியன் போர், ஹாசெல்பால்க், ஆகஸ்ட் குரோக் மூவரும் சேர்ந்து 1904இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாயின் குருதியை 5, 10, 20, 40, 80 மில்லிமீட்டர் பாதரச அளவுள்ள கார்பன் டை ஆக்சைடு அழுத்தங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு ஆக்சிஜன் ஏற்கிறது என அளந்தனர். கிடைத்த ஐந்து கோடுகளும் எஸ் வடிவில் வளைந்தன. கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட, கோடு வலப்புறம் நகர்ந்தது.

அந்த வரைபடம் நின்று பார்க்கத் தக்கது. ஆக்சிஜன் மிகுந்த மேற்பகுதியில், அதாவது நுரையீரலின் நிலையில், ஐந்து கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகக் கூடிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்த கீழ்ப்பகுதியில், திசுக்களின் நிலையில், அவை அகல விரிகின்றன. ஏற்றும் இடத்தில் பெரிய இழப்பு இல்லை. இறக்கும் இடத்தில் பெரும் ஆதாயம். இந்த விளைவு உயிரியல் நோக்கில் முக்கியமானது என்று கட்டுரையின் தலைப்பே கூறியது.

மூவரில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். குரோக்கின் பங்கைப் பெரிதாகக் காண்போர் உண்டு. ரஷ்ய நூல்களில் வெரிகோ–போர் விளைவு என்ற பெயர் வழங்குகிறது. பிரோனிஸ்லாவ் வெரிகோவுக்கு முன்னுரிமை உண்டா என்பதிலும் கருத்து ஒருமிக்கவில்லை. நுரையீரல் ஆக்சிஜனைச் சுரக்கிறது என்ற போரின் மற்றொரு கொள்கையைக் குரோக்கும் அவர் மனைவி மாரியும் பின்னர் மறுத்தனர். குரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார்.

அமிலத்தின் பங்கு

லாக்டிக் அமிலமும் கோட்டை வலப்புறம் நகர்த்துவதை பார்கிராஃப்டும் ஓர்பெலியும் 1910இல் காட்டினர். கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் அமிலத்தன்மை வழியாகவே செயல்படுகிறது. ஹீமோகுளோபினுடன் நேரடியாகச் சேர்ந்தும் ஓரளவு பற்றைக் குறைக்கிறது. ஆக்சிஜன் இழந்த குருதி கூடுதல் கார்பன் டை ஆக்சைடை ஏற்கிறது என்ற மறுதலை உண்மையை கிறிஸ்டியன்சன், டக்ளஸ், ஹால்டேன் மூவரும் 1914இல் வெளியிட்டனர்.

மூலக்கூறு விளக்கம்

மாக்ஸ் பெரூட்ஸ் 1970இல் அமைப்பு வழி விளக்கம் தந்தார். ஆக்சிஜன் நீங்கிய இறுக்க நிலையில், பீட்டா சங்கிலியின் முனையிலுள்ள 146ஆம் ஹிஸ்டிடின் ஹைட்ரஜன் அயனியை ஏற்று, 94ஆம் அஸ்பார்டிக் அமிலத்துடன் மின்னேற்றப் பிணைப்பு கொள்கிறது. இதனால் இறுக்க நிலை உறுதிப்படுகிறது. இந்த ஹிஸ்டிடினின் பங்கு எவ்வளவு என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. வேறு பல அமினோ அமிலங்களும் பங்கேற்பதாகக் கொள்ளப்படுகிறது.

பிற

சில மீன்களில் இதன் தீவிர வடிவம் காணப்படுகிறது. இது ரூட் விளைவு எனப்படும். மனிதக் குருதியில், 37 டிகிரி செல்சியஸில், பி.எச். 7.4 இருக்கும்போது ஹீமோகுளோபின் பாதி நிறைய ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் ஆக்சிஜன் அழுத்தம் தேவை. பி.எச். 7.2 ஆகக் குறைந்தால் அது ஏறத்தாழ 33 மில்லிமீட்டராக உயரும்.