மெதுவாக ஓடும் ஒரு ரோஜாப் பாட்டு

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. ஆபீஸ் வேலையாக சர்வரைக் கவனித்தபடி கண் விழித்திருந்தேன். யூடியூப் தானாகவே ஒரு பாட்டைப் போட்டது. முதல் வார்த்தையே நகரவில்லை. நெட்தான் மக்கர் பண்ணுகிறது என்று ரீலோட் செய்தேன். மறுபடியும் அதே. அப்புறம்தான் புரிந்தது, பாட்டே அப்படித்தான் என்று. அன்றிலிருந்து தேடியதில் கிடைத்த கதை இது.

'எஸ் இஸ்ட் ஐன் ரோஸ் என்ட்ஸ்ப்ரூங்கன்' என்பது பழைய ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டு. ஒரு ரோஜா முளைத்தெழுந்தது என்று தலைப்புக்கு அர்த்தம். தாவீது ராஜாவின் அப்பா ஈசாய். அவர் வம்சத்தில் ஒரு துளிர் வரும் என்ற ஏசாயாவின் தீர்க்கதரிசனம்தான் இதற்கு அடிப்படை. 1599-இல் கொலோனில் அச்சான கத்தோலிக்கப் பாட்டுப் புத்தகத்தில் இது இருக்கிறது. அதில் ரோஜா என்றால் மரியாள்.

பத்து வருஷம் கழித்து, 1609-இல், மைக்கேல் ப்ரெட்டோரியஸ் இதை நான்கு குரல்களுக்கு அமைத்தார். அவர் லூத்தரன். மெட்டு அதேதான், ஆனால் இரண்டாம் சரணத்தில் வார்த்தைகள் மாறிவிட்டன. ரோஜா இப்போது இயேசு. மரியாள் அதைக் கொண்டுவந்தவள். எங்கள் பாஷையில் சொன்னால், சின்ன 'பேட்ச்'. ஆனால் அன்றைய ஜெர்மனியில் இரு தரப்பையும் பிரித்த கோடு அந்த ஒரு வரிக்குள்ளேயே ஓடுகிறது.

1990-இல் ஸ்வீடன்காரர் யான் சாண்ட்ஸ்ட்ரம் இதைக் கையில் எடுத்தார். ட்ராம்போனுக்காக 'மோட்டர்பைக் கான்செர்ட்டோ' எழுதிய அதே ஆசாமிதான்! ஆனால் இங்கே சத்தம், வேகம் எதுவும் கிடையாது. முதல் குழு ப்ரெட்டோரியஸின் அமைப்பை மிகமிக மெதுவாகப் பாடுகிறது. இரண்டாவது குழு எட்டுக் குரல்களாகப் பிரிந்து, வார்த்தையே இல்லாமல் ஹம்மிங் செய்கிறது. நமக்குத் தம்புரா ஞாபகம் வரும். ஆனால் தம்புராவின் சுருதி அசையாது. இந்த ரீங்காரமோ பாட்டோடு சேர்ந்து நகர்கிறது.

ப்ரெட்டோரியஸ் பதிப்பில் மெட்டு அப்படியே நின்றது, வார்த்தை மாறியது. சாண்ட்ஸ்ட்ரம் பழைய அமைப்பை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றினார். இந்த மெதுவில் வாக்கியத்தைப் பிடிக்கவே முடியாது. ரோஜா யார் என்ற கேள்வியும் எனக்கு எழவில்லை.

சரி, வெறும் மெதுவாக்கம்தானே? சாதாரணப் பதிவு ஒன்றை எடுத்து, சாப்ட்வேரில் போட்டு இழுத்துப் பார்த்தேன். தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. வித்தியாசம் மூச்சிலும் இருக்கிறது. நீண்ட சுரங்களில், ஒரே குரலைப் பாடுபவர்கள் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் நிறுத்துவது தெரியாதபடி பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிப்பார். நான் இழுத்த கோப்பில் அப்படித் தாங்க ஆள் இல்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ப்ரெட்டோரியஸைக் கேளுங்கள். மெட்டு மனசில் நின்ற பிறகு சாண்ட்ஸ்ட்ரம். ஹெட்போன் அவசியம். ரீலோட் பண்ணாதீர்கள்.