களரியில் கற்ற கல்வி

பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்குக் கலையைக் கொடுத்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. இங்கே பள்ளிக்கூடம் வருமுன்பே கலைக்கல்வி இருந்தது. பள்ளிக்கூடம் வந்த பின்புதான் அதற்கு இழுக்கு நேர்ந்தது.

கூத்தையே குறிப்பிடுகிறோம். வடமோடியாயினும் தென்மோடியாயினும் ஒரு கூத்தைப் பழக மாதக்கணக்கிற் செல்லும். அண்ணாவியார் ஆளுக்கேற்பச் சட்டம் கொடுப்பார். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இரவில் வந்து ஆட்டம் பழகுவர். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகத் தேறி அரங்கேற்றத்தை அடைவர். வட்டக் களரியைச் சுற்றிப் பாயிற் கிடந்த சிறுவர்க்கு எவரும் பாடம் நடத்தவில்லை. எனினும் மத்தளச் சொற்கட்டு அவர்கள் வாயில் ஏறியது. கரப்புடுப்புக் கட்டி வந்த அரசனின் வரவை மறுநாட் காலை வயல் வரம்பில் அவர்கள் ஆடிக் காட்டினர். எழுத்தறியாத வீட்டுப் பிள்ளை கர்ணனின் துயரை அறிந்து வளர்ந்தது. இதை வெறும் வேடிக்கை என்று சொல்வோர், நினைவாற்றலுக்கும் தாளக் கணக்கிற்கும் பலரோடு கூடி ஒரு காரியத்தை முடிக்கும் பழக்கத்திற்கும் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் போலும்!

ஆங்கிலக் கல்வி பெற்ற வர்க்கத்தார் கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கினர். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாயிற்று. பெற்றோரின் ஆட்டத்தை மறந்துவிட்டு வருவதே படிப்பு என்று பிள்ளைகளும் நம்பத் தலைப்பட்டனர்.

இந்நிலையை உடைத்த ஒரு கதவு நமக்கு மிக அண்மையிலேயே திறந்தது. செங்கலடிச் சந்தியிலிருந்து வடக்கே இரண்டொரு கல் தொலைவிலுள்ள வந்தாறுமூலை, 1940களில் இலவசக் கல்வியோடு கிராமங்களை நாடி வந்த மத்திய கல்லூரிகளுள் ஒன்றைப் பெற்றது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதன் வாயிலில் நுழைந்தபோது அவர்களுடைய கூத்தும் கூடவே நுழைந்தது. அப்பள்ளியில் பயின்று, மாணவப் பருவத்திலேயே கூத்தாடியவருள் ஒருவர் சி. மௌனகுரு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார்; 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’. இராவணனாக ஆடியவர் மௌனகுரு. அம்மாணவர்க்கு ஆட்டம் பழக்கச் சென்றவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஊர்க் களரியின் ஆசான் பல்கலைக்கழகத்தார்க்கும் ஆசானானார். (அதே மத்திய கல்லூரி வளாகத்தில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மௌனகுரு பின்னர் அங்கே நுண்கலைத்துறைப் பேராசிரியராக இருந்தார்.) சிறுவருக்கென்றே அவர் எழுதிய ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற நாடகங்களில் களரியின் ஆட்டமும் பாட்டும் மீண்டும் பிள்ளைகளிடமே வந்து சேர்ந்தன.

போர்க்காலத்தில் இத்தேவை வேறொரு முகம் காட்டியது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த தமிழ், முஸ்லிம் கிராமங்களின் சிறுவர்கள் ஒருங்கே அமர்ந்து களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டி நடித்தனர். வாய் திறந்து சொல்ல முடியாததைச் சிறு கைகள் சொல்லின.

இன்று என்ன நிலை? நாம் கற்பிக்கும் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் அழகியற் பாடவேளைகள் கணிதத்திற்கும் பிற பாடங்களுக்கும் பங்கிடப்பட்டன. எதிர்த்துப் பேசினோம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. தமிழுக்கும் ஒரு வேளை கிடைத்ததென்று உள்ளூர மகிழ்ந்திருந்தோம். சில வாரங்கள் கழித்துக் கோயில் முன்றலில் ஒரு கூத்துப் பார்த்தோம். கணக்கில் மந்தம் என்று நாமெல்லாரும் கைவிட்டிருந்த மாணவன் நெடுநேரம் தாளம் பிசகாமல் ஆடினான். நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆசிரியர் ஏசுவார் என்று அஞ்சினான்போலும். அந்த அச்சத்தை அவனுக்குப் படிப்பித்தவர்கள் நாமே அன்றோ!

நகரத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பணம் கட்டி மாலையில் நடன வகுப்பு உண்டு, சித்திர வகுப்பு உண்டு. கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் கூலி உழவனின் பிள்ளைக்கும் பள்ளியில் இருந்தது அந்தப் பாடவேளை ஒன்றே. பங்கிட்டு எடுத்துக்கொண்டது அவர்களுடைய உடைமையை. அடுத்த தவணைக்கு நேரசூசி வரையப்படும்போது, தமிழுக்குக் கிடைத்த வேளையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சித்திர ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறோம். கணித ஆசிரியரிடம் இன்னும் பேசவில்லை.