இரண்டாவது கேமரா

ராத்திரியில் மானைப் படம் பிடிக்க ஜார்ஜ் ஷிராஸ் இரண்டு கேமராக்களை வைத்தார். முதலாவது, மான் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருப்பதை எடுக்கும். அதற்கான மக்னீசியத் தூள் டமாலென்று வெடித்ததும் மான் மிரண்டு பாயும். இரண்டாவது கேமரா, கொஞ்சம் தாமதமாக, அந்தப் பாய்ச்சலை எடுக்கும். நூறு வருஷத்துக்கு மேலான படங்கள். இன்றைக்குப் பார்த்தாலும் 'அடேயப்பா' என்றுதான் வாய் வரும். ஆனால் அந்தக் கணம் காட்டில் தானாக நடக்கவில்லை. முதல் கேமரா கிளப்பிவிட்ட பயத்தைத்தான் இரண்டாவது கேமரா பதிவு செய்தது.

காட்டுயிர்ப் புகைப்பட வரலாற்றில் எங்கே தொடங்கினாலும் நான் கடைசியில் இந்த இரண்டாவது கேமராவிடம்தான் வந்து நிற்கிறேன்.

ஷிராஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வக்கீல். சிறுவயதிலிருந்தே வேட்டைக்காரர். மிச்சிகன் மாகாணத்தின் வடக்கே ஒயிட்ஃபிஷ் ஏரிதான் அவருடைய வேட்டைக்களம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வேக்களிடம் ஒரு பழைய உத்தி இருந்தது. படகின் முன்முனையில் தீ மூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கரையோரமாகப் போவார்கள். தண்ணீர் குடிக்க வந்த மான் ஓடாமல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். இருட்டில் இரண்டு கண்கள் மின்னும். அங்கே குறி வைக்க வேண்டியதுதான். ஷிராஸ் படகை மாற்றவில்லை, விளக்கை மாற்றவில்லை, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். 1890களில் அவர் எடுத்த இந்த இரவுப் படங்களுக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. 1906 ஜூலை இதழில் நேஷனல் ஜியோகிராஃபிக் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அறிவியல் பத்திரிகையைப் படப் புத்தகமாக்கிவிட்டார்கள் என்று நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். (அந்தப் பத்திரிகை பின்னாளில் எதனால் பேர் வாங்கியது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

படகில் போய் எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. மிருகம் நடக்கும் வழியில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். கம்பியில் கால் பட்டால் வெளிச்சம், படம். என் தொழிலில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. வந்தாச்சா, வந்தாச்சா என்று நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பது 'போலிங்'. வந்ததும் அதுவே நம்மைத் தட்டி எழுப்புவது 'இன்டரப்ட்'. ஷிராஸ் காட்டை இன்டரப்டுக்கு மாற்றினார். கணத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மனிதன் கையிலிருந்து மிருகத்தின் காலுக்குப் போனது.

இந்தக் கம்பியை இந்தியாவில் புலிக்குக் கட்டியவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. (இந்தியக் காடுகளை வகைப்படுத்திய ஹாரி சாம்பியனின் சகோதரர். வனத்துறைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது.) வெள்ளைக்கார அதிகாரி என்றால் செத்த புலியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்த காலம் அது. சாம்பியனுக்கு அதில் இஷ்டமில்லை. உயிரோடு நடக்கும் புலியை அதன் காட்டிலேயே எடுக்க வருஷக்கணக்காக முயன்றார். ஒரு தடவை கம்பி இழுபட்டால் ஒரே ஒரு படம். புலிக்கு முன்னால் முள்ளம்பன்றி வந்துவிட்டால் அன்றைய கதை முடிந்தது. 1925 அக்டோபரில் இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் அவருடைய புலிப் படங்களை வெளியிட்டது. 1927இல் புத்தகமும் வந்தது.

நல்ல படம் எடுத்ததைவிட, எடுத்த படத்தைப் பொறுமையாகப் பார்த்ததுதான் என் கணக்கில் சாம்பியன் செய்த பெரிய காரியம். ஒவ்வொரு புலிக்கும் கோடுகள் வேறு, கோட்டை வைத்தே இது இன்ன புலி என்று சொல்லிவிடலாம் என்பதைக் கவனித்தார். அதற்கு முன்னால் காட்டில் இருந்தது வெறும் 'புலி'. அதன் பிறகு அந்தப் புலி, இந்தப் புலி.

தமிழில் நாம் படத்தைப் 'பிடிக்கிறோம்'. ஆங்கிலத்தில் 'சுடுகிறார்கள்'. வேட்டை மொழி இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (படம் 'எடுத்தால்' பாம்பு.) மொழியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. 2009இல் லண்டனில் வருடத்தின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படம் என்று பரிசு பெற்றது, மரக்கதவைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். எது எப்படியோ, அந்தச் சண்டையின் மையக் கேள்வி ஷிராஸின் மானிடம் கேட்க வேண்டியதுதான்: இந்தப் பாய்ச்சல் யாருடையது?

இன்றைய கேமராக்களில் பட்டனைப் பாதி அழுத்தி வைத்தாலே உள்ளே படங்கள் சேர்ந்துகொண்டே, பழையவை அழிந்துகொண்டே இருக்கும். முழுசாக அழுத்தும்போது, அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியும் சேர்ந்து கிடைத்துவிடும். மீன்கொத்தி கிளம்பிய பிறகு அழுத்தினாலும் அது கிளம்பும் படம் நமக்கு உண்டு. இது ஏமாற்று என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மீன்கொத்திக்கு இதனால் ஒரு நஷ்டமும் கிடையாது. தவறவிட்ட கணத்தைத் திரும்ப வரவழைக்கக் கல்லெறிபவரைத்தான் நான் குறை சொல்வேன்.

சாம்பியன் கவனித்த கோடுகளை 1990களில் நாகரஹொளே காட்டில் கணக்காக மாற்றியவர் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், நம்மாள். முதல் சுற்றில் எடுத்த புலிகளில் எத்தனை மறுசுற்றிலும் சிக்குகின்றன என்பதை வைத்து, சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிடும் முறை அது. 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651. கோடுகளைப் பார்த்துப் பிரித்தெடுத்த தனித்தனிப் புலிகள், குட்டிகள் நீங்கலாக, 2,461. அத்தனை படங்களிலும் பட்டனை அழுத்திய விரல் ஒன்றுகூட இல்லை.

புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றல்ல. அதனால் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் வைக்கிறார்கள். இந்த இரண்டாவது கேமரா முதலாவதோடு சேர்ந்து, அதே நொடியில், புலியின் மறுபக்கத்தை எடுக்கிறது.